நாலு அங்குலம் தூக்கி என்னத்தைக் கண்டீங்க?



இன்னிக்கு டயரைப் பத்திப் பேசப் போறேன். தக்காளி விலையைப் பத்தி எழுதுறவன் எதுக்கு டயருக்குள்ள வர்றான்னு நினைக்காதீங்க. எங்க தக்காளியும் முருங்கையும் வெண்டையும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போறதே டயர் மேலதான். வண்டி ஒரு நாள் நின்னா காய் செடியிலேயே முத்திப் போகும்.

விஷயம் இதுதான். கொஞ்ச வருஷமா எங்க சுத்துப்பட்டுல சிட்டிக்காரங்க தோட்டம் வாங்குறது ஜாஸ்தியாயிருச்சு. வாங்கட்டும், சந்தோஷம். ஆனா பத்திரம் முடிஞ்ச கையோட ஒரு பிக்கப் வண்டி வாங்குறாங்க. அதுக்கு லிஃப்ட் கிட் போட்டு மூணு அங்குலம் தூக்குறாங்க. ஆனைக்கால் கணக்கா டயர் மாட்டுறாங்க. எதுக்குங்க இதுன்னு கேட்டா எல்லார்கிட்டயும் ஒரே பதில்: "கிராமத்து ரோட்டுக்கு இது இல்லாம முடியாதுங்கய்யா."

அந்தப் பதிலோடதான் எனக்குச் சண்டை. அவங்க இந்த ரோட்டைப் பார்க்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நாங்க இதுல ஒன்றரை டன் ஏத்திக்கிட்டு, கம்பெனி குடுத்த உயரத்துல, கம்பெனி குடுத்த அளவு டயர்ல ஓட்டிட்டு இருக்கோம். அழகுக்குத்தான் மாட்டினேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். உங்க காசு, உங்க ஆசை. எங்க ரோட்டு மேல பழி போடாதீங்க.

முதல்ல கணக்கைப் பார்த்துருவோம். டயரோட பக்கத்துல ஒரு நம்பர் எழுதியிருக்கும். டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை எடுத்துக்குங்க. கம்பெனியில வர்ற டயர் 265/60 ஆர் 18. இதுல 265ங்கறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 60ங்கறது அந்த அகலத்துல 60 சதவீதம் பக்கச்சுவர் உயரம்னு அர்த்தம், அதாவது 159 மில்லிமீட்டர். 18ங்கறது ரிம் அளவு, அங்குலத்துல. மில்லிமீட்டருக்கு மாத்தினா 457. ரிம்முக்கு மேல ஒரு பக்கச்சுவர், கீழ ஒரு பக்கச்சுவர். எல்லாத்தையும் கூட்டினா டயரோட மொத்த உயரம் 775 மில்லிமீட்டர்.

இதைக் கழட்டிட்டு மாட்டுற பெரிய டயர்ல ஒண்ணு 285/70 ஆர் 17. முப்பத்திமூணு இன்ச் டயர்னு பெருமையாச் சொல்லுவாங்க. அதே கணக்கைப் போட்டா 831 மில்லிமீட்டர் வருது. 56 மில்லிமீட்டர் கூட. ஆனா ஆக்ஸில் சக்கரத்தோட நடுவுல இருக்கறதால, அது தரையிலிருந்து உசர்றது இதுல பாதிதான். 28 மில்லிமீட்டர். கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

சரி, லிஃப்ட் கிட் மூணு அங்குலம் தூக்குதேன்னு கேப்பீங்க. எதைத் தூக்குதுன்னு கீழ குனிஞ்சு பாருங்க. பின்னாடி பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல கட்டை வெச்சோ, ஷாக்கிளை நீளமாக்கியோ தூக்குறாங்க. ஏறுறது சேசிஸும் பாடியும். ஆக்ஸில் நடுவுல குடம் மாதிரி தொங்குற கிரவுன் ஹவுசிங் இருந்த இடத்துலயேதான் இருக்கும். பாதையில நடுவுல கிடக்கற கல்லு தட்டுறது பெரும்பாலும் அதைத்தான். முன்மூக்கும் நடுவயிறும் மேட்டுல தட்டாது, அது நெசம். ஆனா மொத்தக் கணக்குப் பாருங்க. தொட்டி நாலு அங்குலம் மேல போயிருச்சு, பின்னாடி ஹவுசிங் ஏறினது ஒரே ஒரு அங்குலம்.

இதுக்கு நீங்க குடுக்கற விலை என்ன தெரியுமா? டயர் 7 சதவீதம் பெருசாயிருச்சு. முன்ன சரியாக் காட்டின மீட்டர் இப்ப 80னு காட்டறப்ப நீங்க 86ல போய்ட்டு இருப்பீங்க. கியர் எல்லாம் உசந்த மாதிரி ஆயிரும், பாரத்தோட ஏத்தம் ஏறுனா வண்டி திணறும். பிரேக் பழைய பிரேக்தான், ஆனா பெரிய சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்த அதுக்குக் கூடுதல் பலம் வேணும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்வு மாறினதால கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ரிம்மை வெளிய துருத்திக்கிட்டு இருக்கற மாதிரி போட்டா வீல் பேரிங்குக்கு வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசும், அதுக்காக மட்கார்டை அறுக்கறவங்களும் இருக்காங்க. ஆனையைக் கட்டித் தீனி போடற கதைதான்.

பிக்கப்னா பாரம் ஏத்தற வண்டி. இதை மறந்துட்டு அதைப் பத்தி என்ன பேசினாலும் வீண். எங்க பக்கம் தக்காளிப் பெட்டி ஒண்ணு 14, 15 கிலோ வரும். ஒரு நடைக்கு நூறு பெட்டின்னா ஒன்றரை டன் ஆச்சு. கீழ நின்னு பெட்டியைத் தூக்கிக் குடுக்கறதுல பாதிக்கு மேல பொம்பளை ஆளுங்க. நாலு அங்குலம்தானேன்னு நீங்க சொல்லலாம். நெஞ்சு உயரத்துல வெச்சுத் தள்ளறதும் தோளுக்கு மேல தூக்கி வைக்கறதும் ஒண்ணில்ல. காலையில இருந்து காய் பறிச்சுக் களைச்ச ஒரு அக்கா, அம்பது பெட்டியைத் தூக்கிக் குடுத்துட்டுச் சொல்லட்டும், நாலு அங்குலம் எவ்வளவு உசரம்னு.

இன்னொண்ணு, பெட்டியை அடுக்கடுக்கா உசரமா வெச்சுத்தான் கொண்டு போறோம். அடுக்கு ஏற ஏற வண்டியோட பாரம் மேல நிக்கும். அதுக்கு அடியில மேலும் நாலு அங்குலம் தூக்கி வெச்சா வளைவுல என்ன ஆகும்? பள்ளத்துல ஒரு பக்கச் சக்கரம் இறங்கினா என்ன ஆகும்? பெட்டிக்கு மேல ஆளு உக்காந்து வர்ற ஊரு இது. அது தப்புதான், ஆனா நடக்குது.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், பேர் வேண்டாம், சிட்டி வண்டிங்களைப் பார்த்துட்டு தன்னோட பழைய பிக்கப்பைத் தூக்கினான். டயர், ரிம், கிட், கூலின்னு ஒரு லட்சத்தைத் தாண்டிருச்சு. வீட்டு நகையை வெச்சுத்தான் செஞ்சான். மார்க்கெட்டுல சரக்கு இறக்கற ஆளுங்க, "ஏம்ப்பா, ஏணி கொண்டு வந்திருக்கியா?"ன்னு கேட்டாங்க. பாரத்தோட வளைவுல ஆடுதுன்னு அடுக்குல ஒரு வரிசை குறைச்சுட்டான். வரிசை குறைஞ்சா வாடகை குறையும். வட்டி குறையாது. அவனை நான் திட்டமாட்டேன், சின்னப் பையன். இதுதான் கெத்துன்னு அவனுக்குக் காட்டிக் குடுத்தவங்க நல்லா சம்பாதிக்கறவங்க. அவங்களுக்கு அது வாரக்கடைசி விளையாட்டு, இவனுக்கு அது சோறு.

சட்டமும் இருக்கு. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆவது பிரிவு, கம்பெனி குறிச்சிருக்கற விவரத்துக்கு மாறா ஆர்.சி. விவரம் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிருச்சு. சரக்கு வண்டியோட பதிவு விவரத்துல டயர் அளவுக்குன்னே தனியா இடம் உண்டு. நல்ல நாள்ல யாரும் கேக்க மாட்டாங்க. விபத்துன்னு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் குனிஞ்சு டயரைத்தான் பார்ப்பான்.

இப்ப மண்ணுக்கு வர்றேன். மண்ணுக்கேத்த சக்கரம் எதுன்னு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. சேத்து வயல்ல உழவு ஓட்ட டிராக்டருக்கு இரும்புக் கூண்டு மாதிரி கேஜ் வீல் மாட்டுறோம். இழுக்கற பின் சக்கரம் பெருசு, திருப்பற முன் சக்கரம் சின்னது. எங்க தாத்தா காலத்துக் கட்டை வண்டிக்குச் சக்கரம் ஆள் நெஞ்சு உசரம், சுத்தி இரும்புப் பட்டா. அப்புறம் டயர் வண்டி வந்துச்சு. சக்கரம் பாதியாச் சுருங்கிருச்சு. ஆனா மாட்டுக்கு இழுக்கறது லேசாச்சு, பாரமும் கூட ஏத்துனாங்க. எங்களுக்கு முன்னேத்தம்னு வந்ததே சின்னச் சக்கரம்தான். பெருசு சிறுசுங்கறது பெருமையில்ல, அந்தந்த வேலைக்கு எது ஆகுமோ அதுதான் அளவு.

எங்க பக்கம் செம்மண்ணும் இருக்கு, கரிசலும் இருக்கு. மழை பெஞ்ச கரிசல்ல அகலமான டயர் போட்டுப் பாருங்க. மண்ணு பட்டன் சந்துல அப்பி, டயர் மொழுமொழுன்னு உருண்டை ஆயிரும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல இடமும் இல்லாததால மண்ணு அங்கேயே அடைச்சு, சக்கரமே பிடிச்சுக்கும். மேல சேறு, அடியில கெட்டித் தரைன்னா குறுகலான டயர்தான் சேத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போய்த் தரையைப் பிடிக்கும். அகல டயர் மணலுக்கு நல்லது, ஆனா அங்கயும் காத்தைக் கொஞ்சம் இறக்கினாலே டயர் பரந்து படியும், அதுக்குக் காசு செலவில்ல. தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம காத்தை ஏத்திக்கணும், அவ்வளவுதான்.

இட்டேரின்னு ஒண்ணு இருக்குங்க, கொங்குப் பக்கம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல ஒரு வண்டி போற அளவுக்கு மண்பாதை. அதுலதான் பால்காரர் வருவாரு, பிள்ளைங்க சைக்கிள்ல பள்ளிக்கூடம் போவாங்க, ஆடு மாடு போகும். மழை பெஞ்ச மறுநாள் ஞாயித்துக்கிழமைன்னா மூணு நாலு தூக்கின வண்டிங்க வரிசையா வந்து, சக்கரத்தைச் சுழட்டி, சேத்தை வேலி உசரத்துக்கு அடிச்சு, வீடியோ எடுத்துட்டுப் போயிருவாங்க. திங்கக்கிழமை பாதை உழுது போட்ட காடு மாதிரி கிடக்கும். வெயில் வந்ததும் அந்தத் தடம் கல்லா இறுகிரும். பால் வண்டி தட்டுத் தடுமாறி லேட்டாப் போனா சொசைட்டியில பால் எடுக்கற நேரம் தாண்டிரும். அந்தப் பால் யாரு வீட்டுக்குத் திரும்புதுன்னு வீடியோவுல வராது.

கேஜ் வீலோட டிராக்டர் தார் ரோட்டுல ஏறினா அபராதம், கேஸுன்னு எங்களை எச்சரிக்கறாங்க. ரோடு கெடும், நியாயம்தான். எங்க மண் ரோட்டை மட் டயர் போட்டு உழுதுட்டுப் போறவங்களைக் கேக்க ஆளு உண்டா? தார் போட்டா மட்டும்தான் ரோடா?

வெறுமனே திட்டிட்டுப் போறவன் நான் இல்ல. பிக்கப் வெச்சிருக்கீங்க, நெசமாவே தோட்டத்துக்குத்தான் ஓட்டறீங்கன்னா என்ன செய்யணும்னு சொல்றேன். டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவும் காத்தளவும் அதுல இருக்கும். அந்த உயரத்தை விட்டு விலகாதீங்க. அளவு நம்பருக்குப் பின்னாடி 112, 116ன்னு இன்னொரு நம்பர் வரும், அது அந்த டயர் தாங்குற பாரம். 112னா 1120 கிலோ, 121னா 1450 கிலோ. பழைய டயருக்கு இருந்ததைவிட இது குறையவே கூடாது. பெரிய டயர்னா பாரம் அதிகமாத் தாங்கும்னு நினைச்சுறாதீங்க, அந்த நம்பரைப் பாருங்க.

அடுத்தது பட்டன். மண்ணு, கல்லு, தார் மூணுலயும் ஓட்டறவங்களுக்கு ஆல் டெரெய்ன் டயர் போதும், கம்பெனி அளவுலயே கிடைக்குது. கல்லு பாதைக்குப் பெரிய ரிம் வேண்டாம், தடிச்ச பக்கச்சுவர்தான் வேணும். 2020ல வந்த மஹிந்திரா தார் ஜீப்பையே பாருங்க. ஒரு மாடலுக்கு 255/65 ஆர் 18, இன்னொரு மாடலுக்கு 245/75 ஆர் 16. மொத்த உயரத்துல 15 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனா சின்ன ரிம் டயருக்குப் பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர், பெரிய ரிம் டயருக்கு 166. பள்ளத்துல இறங்குறப்ப அடியை வாங்கிக்கறது ரிம்மா ரப்பரான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. பளபளப்பு மட்டும் பெரிய ரிம்முலதான் இருக்கு, அதை மறுக்கல.

இவ்வளவும் செஞ்சா மிச்சமாகற காசுல ஒரு நல்ல ஜாக்கி, ஒரு காத்தடிக்கற பம்பு, இழுக்கற கயிறு வாங்கி வண்டியில போட்டு வைங்க. மழை நாள்ல உங்களுக்கும் உதவும், மாட்டிக்கிட்டு நிக்கற பால் வண்டிக்கும் உதவும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மழை பெஞ்ச ரெண்டு நாளைக்கு இட்டேரிக்குள்ள வண்டியை விடாதீங்க. தார் ரோட்டோரம் நிறுத்திட்டு நடந்து வாங்க, அரை கிலோமீட்டர்தான். டீ போட்டு வைக்கறேன். டயர் விஷயத்துல மாத்துக் கருத்து இருந்தா அப்ப உக்காந்து சண்டை போட்டுக்கலாம்.