பதிவேட்டில் காலியாக விட்ட கட்டம்



போன கோடையில் பிரான்சின் வடக்கே, லில் நகருக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தெருவோரம் பழைய சாமான் சந்தை கூடும். நம் காந்தி வீதி ஞாயிறு சந்தை மாதிரிதான். ஒரு கடையில் நீல வெல்வெட் துணி மேல் உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்று இருந்தது. பக்கத்தில் அட்டை: "வி-2 ராக்கெட், அசல்." விலை 120 யூரோ.

அசல் என்று எப்படித் தெரியும் என்று பிரெஞ்சில் கேட்டேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார். வி-1 என்பது சிறகு வைத்த பறக்கும் குண்டு. அதன் உடல் மெல்லிய எஃகுத் தகடு, உள்ளே கம்பி சுற்றிய இரண்டு காற்று உருண்டைகள் இருக்கும். வி-2 என்பது 14 மீட்டர் உயர ராக்கெட். ஆல்கஹாலும் திரவ ஆக்ஸிஜனும் எரியும் அறையின் தலையில் 18 கிண்ணங்கள், வால்புறத்தில் திசை திருப்பக் கிராஃபைட் தகடுகள். பாகங்களில் குத்தியிருக்கும் மூன்றெழுத்துக் குறி, செய்த தொழிற்சாலையைக் காட்டும். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று ஜெர்மானியர்கள் பெயருக்குப் பதில் குறி போட்டார்களாம்.

எல்லாம் சரியான தகவல். அவர் அறிவை நான் குறை சொல்லவில்லை.

"இதைச் செய்தவர்கள் யார் என்று அட்டையில் இல்லையே?" என்றேன்.

"அதற்கெல்லாம் அட்டையில் இடமில்லை, முசே" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பதில் என் மனதை அறுக்கிறது. 34 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். ஒரு நாற்காலி வாங்கினாலும் எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்று எழுதாமல் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். மனித உயிர் குடித்த பொருளுக்கு மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாமா?

விஷயம் இதுதான். 1943 ஆகஸ்டில் பேனெமுண்டே ஆய்வுத் தளத்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. உடனே உற்பத்தியை நோர்தவுசன் ஊருக்கு அருகே ஒரு மலைச் சுரங்கத்துக்கு மாற்றினார்கள். வேலைக்கு வந்தவர்கள் வதை முகாம் கைதிகள். டோரா என்று அந்த முகாமுக்குப் பெயர். முதல் மாதங்களில் வேலையும் உறக்கமும் சுரங்கத்துக்குள்ளேயே. வேண்டுமென்றே பாகத்தைக் கெடுத்தான் என்று சந்தேகம் வந்தால் தூக்கு. சுரங்கத்தின் பளுதூக்கியிலேயே கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் வந்த சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். வி-2 விழுந்து செத்தவர்களைவிட இது அதிகம்.

விழுந்து செத்தவர்களும் குறைவில்லை. 1944 செப்டம்பர் 8 அன்று பாரிசை அடுத்த மெசோன்-அல்ஃபோரில் ஆறு பேர். அதே டிசம்பர் 16 அன்று ஆண்ட்வெர்ப் நகரின் ரெக்ஸ் திரையரங்கில் 567 பேர்.

"இந்த ராக்கெட் இல்லாவிட்டால் நிலவுக்குப் போயிருக்க முடியுமா?" என்று சேகரிப்பவர்கள் கேட்பார்கள். வி-2ஐ உருவாக்கிய ஃபொன் பிரௌன்தான் பிறகு அமெரிக்காவில் சாடர்ன் ராக்கெட்டை உருவாக்கினார், உண்மை. அந்தச் சுரங்கத் தொழிற்சாலையின் உற்பத்தியைக் கவனித்த ஆர்தர் ருடோல்ஃபும் அங்கே பெரிய பதவியில் இருந்தார். பழைய கணக்கைக் கேட்டபோது 1984இல் அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டுப் போனார். நிலவின் பெருமையை அட்டையில் எழுத இடம் இருக்கிறது; டோராவுக்கு மட்டும் இடமில்லையா?

"நாங்கள் எடுக்காவிட்டால் துருப்பிடித்து மண்ணாகும்" என்பது இன்னொரு வாதம். பாதுகாக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பிரான்சில் பழம்பொருள் தேடி உலோகம் கண்டறியும் கருவியோடு போக 1989 முதல் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் தோண்டினால், கிடைத்த இடம் பற்றிய விவரமும் அழிகிறது. வெடிக்காத குண்டில் கை வைத்தால் உயிரும் போகும்.

பெயர் கிடைக்காது என்ற சாக்கும் செல்லாது. சந்தோமேர் பக்கத்தில் லா கூப்போல் என்ற இடத்துக்கு மருமகன் அழைத்துப் போனார். வி-2 ஏவுவதற்காக 5 மீட்டர் தடிமனில் கான்கிரீட் கவிகை போட்டுக் கட்டியது. ஒரு ராக்கெட்கூட அங்கிருந்து கிளம்பவில்லை. இன்று அது அருங்காட்சியகம். பிரான்சிலிருந்து டோராவுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 9,000 பேரின் வாழ்க்கைக் குறிப்பை ஒவ்வொன்றாகத் தேடிப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். அதுவல்லவோ பதிவேடு!

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்களே, அவர்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஒரு துண்டு இருந்தால் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். கீழே ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: "டோரா முகாமின் கைதிகள் பூட்டிய ராக்கெட்டின் துண்டு." அதற்கு எந்த அட்டையிலும் இடம் இருக்கும்.