நோட்டுக்குள் இருந்த கடை

விருதுநகர் பக்கம் என் பெரியம்மா மகன் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜமுக்காளம், நாற்காலி என்று கல்யாணம் முதல் கருமாதி வரை அந்த ஊருக்கு எல்லாம் அங்கிருந்துதான் போகும். முப்பது வருடக் கடை. கணக்கு முழுவதும் ஒரு நீள நோட்டில்.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் பேச்சும் உடனே திரும்பவில்லை. அண்ணி கடையைத் திறந்து நோட்டைப் புரட்டினால், 'மேலத் தெரு, பெரிசு 2, சின்னது 4, பாக்கி' என்று எழுதியிருக்கிறது. மேலத் தெருவில் யார்? பெரிசு என்றால் அண்டாவா, குண்டானா? பாக்கி பணமா, பாத்திரமா? அத்தனையும் அண்ணன் மனதில் இருந்தது. வெளியே போன பாத்திரங்களை யாரிடம் கேட்பது என்றுகூட அண்ணிக்குத் தெரியவில்லை.

பி.காம். படிக்கும் மகள் எனக்கு போன் செய்தாள். "சித்தப்பா, கடைக்கு ஒரு ஆப் பண்ணணும். ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். அவர் சொல்ற தொகைக்குப் பத்து அண்டா வாங்கிடலாம்."

"உனக்கு எக்ஸெல் தெரியுமா?"

"அது தெரியும். கோடிங்தான் தெரியாது."

"அப்ப நீயே பண்ணலாம்" என்றேன்.

லோ கோட் என்றால் என்ன?

ஆப் செய்ய வேண்டுமென்றால் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். லோ கோட் கருவிகளில் அந்த வேலையின் பெரும்பகுதி முன்பே முடிந்திருக்கும். பெயர், தேதி, எண்ணிக்கை, புகைப்படம் என்று வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கினால் போதும். 'தேதி தாண்டினால் நினைவூட்டு' போன்ற விதிகளை மட்டும் நாம் சொல்ல வேண்டும். 'லோ கோட்' என்ற பெயர் 2014-ல் ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையால் பரவியது. ஆனால் அந்த எண்ணம் பழையது. 1979-ல் வந்த விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள்தான், நிரல் தெரியாதவர்களும் கணினியைத் தங்கள் வேலைக்கு வளைக்க வழிவிட்டது.

இன்று நம் ஊர் ஸோஹோவின் கிரியேட்டர், மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ், 2020-ல் கூகுள் வாங்கிய ஆப்ஷீட் எனப் பல இருக்கின்றன. கூகுள் ஷீட்டில் நீங்கள் வைத்திருக்கும் பட்டியலையே ஆப்ஷீட் போன் திரையாக மாற்றித் தரும்.

மூன்று நாளில் ஆப், மூன்றாம் வாரம் சண்டை

மகள் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, மூன்றே நாளில் ஆப் தயார் என்றாள். பார்க்க அழகாக இருந்தது. வாடிக்கையாளர் பெயர், பொருள், எண்ணிக்கை, எடுத்த நாள், திருப்பும் நாள், முன்பணம். அண்ணிக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்றாம் வாரம் ஒரு முகூர்த்த நாள். கடையில் இருந்த பெரிய அண்டா ஆறு. ஒரு வீட்டுக்கு நாலு, இன்னொரு வீட்டுக்கு நாலு என்று ஆப் சிரித்த முகத்தோடு இரண்டையும் பதிவு செய்திருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குச் சமையல்காரர் கடை வாசலில் நின்று சத்தம் போட, பக்கத்து ஊர்க் கடையில் கடன் வாங்கிச் சமாளித்தார்கள்.

தவறு கருவியுடையதல்ல. சொன்னதை அது செய்தது. அந்த நாளில் இருப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை. விதி எளிதுதான்: புதியவர் எடுக்கும் நாளிலிருந்து திருப்பும் நாள் வரை, அதே பொருள் வேறு யாரிடமெல்லாம் இருக்கும் என்று கூட்டி, மொத்த இருப்பில் கழிக்க வேண்டும். மிச்சம் போதாவிட்டால் பதிவு செய்யக் கூடாது.

இதைச் சரிசெய்துவிட்டு அப்பாவிடம் காட்டினாள். அண்ணன் தலையை ஆட்டி, திக்கித் திக்கிச் சொன்னார்: "கழு... கழுவணும்." அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இன்று திரும்பும் அண்டா இன்றே வெளியே போக முடியாது. கழுவி, காயவைத்து, ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் எந்த நோட்டிலும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது அவள் வழக்கமானது. ஆப் செய்ய மூன்று நாள். கடையைத் தெரிந்துகொள்ள இரண்டு மாதம். லோ கோட் மிச்சப்படுத்துவது நிரல் எழுதும் நேரத்தை மட்டும்தான். தொழிலைப் புரிந்துகொள்ளும் நேரத்தை எந்தக் கருவியும் மிச்சப்படுத்தாது. இப்போது வாயால் சொன்னாலே ஏஐ ஆப் கட்டித் தருகிறது. அதற்கும் 'கழுவ ஒரு நாள்' என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

நீங்களும் செய்யப் போகிறீர்களா?

முதலில் தாளில் எழுதுங்கள். ஒரு பொருள் கடைக்குள் வருவதிலிருந்து வெளியே போய்த் திரும்பும் வரை நடப்பது என்ன? எங்கே தகராறு வருகிறது? தகராறு வரும் இடத்துக்குத்தான் ஆப் வேண்டும்.

பொருட்களுக்கு ஒரு பட்டியல், வாடிக்கையாளர்களுக்கு ஒன்று, வாடகைப் பதிவுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வையுங்கள். பொருளின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். இல்லாவிட்டால் அண்டா, ஆண்டா, பெரிய அண்டா என ஒரே பாத்திரம் மூன்றாகிவிடும்.

பில் போடுவது மட்டும்தான் தேவை என்றால் ஆப் கட்ட வேண்டாம். அதற்கு ஆயத்த மென்பொருட்கள் நிறைய உண்டு.

கட்டணத்தைப் பாருங்கள். சோதிக்க இலவசமாக விடும் கருவிகள் பலவும், நிறையப் பேர் பயன்படுத்தத் தொடங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கேட்கும். நம் பட்டியலை எக்ஸெல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

கடைக்கென்று தனி மெயில் ஐடி திறந்து அதில் ஆப்பைச் செய்யுங்கள். மகள் நாளை வேலைக்கு வெளியூர் போனாலும் கடைச் சாவி கடையிலேயே இருக்க வேண்டும். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரியட்டும். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற வசதியை அணைத்து வையுங்கள். ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து ஆப்பில் சேர்க்க வேண்டாம். போன் எண்ணே போதும்.

முதல் இரண்டு மாதம் நோட்டையும் மூடாதீர்கள். இரண்டிலும் எழுதி, ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். பேச்சு எவ்வளவோ தேவலை. "எப்படிண்ணே இருக்கு மக செஞ்ச ஆப்பு?" என்றேன்.

"ஜல்லிக் கரண்டியைச் சேர்க்க மறந்துட்டா" என்றார்.