28 நாள் கணக்கு

பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள். ரீசார்ஜ் பேக்குக்கு 28. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பூவும் கற்பூரமும் விற்பவர் போன கிரிவலத்தன்று போட்ட பேக், அடுத்த கிரிவலத்துக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் போன் ஊமை. ஆண்டுக்கு மாதம் 12, ரீசார்ஜ் 13. ஒரு 30 நாள் பேக்காவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. ஆனாலும் கடைப் பேச்சில் மாதம் என்றால் 28 நாள்தான்.

நம் துறையில் விலைப்போர் என்றால் இன்னமும் 2016 செப்டம்பரைத்தான் சொல்கிறோம். ஜியோ இலவசமாக இறங்கியது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டது. சிக்னல் போன தமிழ்நாட்டில் ஜனங்கள் போர்ட்டிங் எண்ணுக்கு அலைந்தார்கள். அந்தப் போர் முடிந்து வெகுநாளாகிறது. 2024 ஜூலை 3, 4 தேதிகளில் தனியார் மூவரும் அடுத்தடுத்து விலையை ஏற்றினார்கள். அடிமட்ட 28 நாள் பேக் ஜியோவில் 155-லிருந்து 189 ரூபாய். ஏர்டெல்லிலும் வி-யிலும் 179-லிருந்து 199. ஏற்றாமல் இருந்த பி.எஸ்.என்.எல். பக்கம் அந்த மாதமே சுமார் 29 லட்சம் இணைப்புகள் சாய்ந்தன. அலை சில மாதங்களில் வடிந்துவிட்டது. விலை மட்டும் இழுக்கும், சிக்னல்தான் பிடித்து வைக்கும்.

இப்போது போட்டி இருந்தால் அது நாள் கணக்கில்தான் இருக்க முடியும். டேட்டா வேண்டாதவருக்குக் குரலும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் கொண்ட பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன: 84 நாளுக்கு ஜியோ 448, ஏர்டெல் 469, அடுத்தது ஓராண்டை ஒட்டியது. விதியை மீறவில்லை, உண்மைதான். ஆனால் 448 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடிந்தவருக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய் 33 காசு. முடியாமல் 189-க்குப் போடுபவருக்கு 6 ரூபாய் 75 காசு. பட்டன் போனில் பேச மட்டும் செய்கிறவர், தொடாத டேட்டாவுக்கும் சேர்த்து அழுகிறார்.

ஜியோவின் 84 நாளை மூன்றாக வெட்டினால் 28 நாள் குரல் பேக் 150 ரூபாய்க்குள் அடங்கும். சராசரி வருவாய் இறங்கும் என்று நிதிப் பிரிவு கையை விரிக்கலாம். ரீசார்ஜ் போடாமல் செத்துப்போகும் இரண்டாவது சிம்களையும் அதே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.