பாட்டிலில் வளர்வது செடி மட்டுமல்ல

புனே வீடுகளில் படரும் மணி பிளான்ட் கேட்பது கொஞ்சம் வெளிச்சம், ஒரு பிடிமானம், அளவான தண்ணீர். கூடுதலாகத் தரப்படும் தண்ணீர் வேறொன்றையும் வளர்க்கிறது.

ஜூன் பிறந்து மழை இறங்கிவிட்டால் புனேயில் இரண்டு உயிர்கள் மளமளவென்று பெருகும். ஒன்று மணி பிளான்ட். இன்னொன்று கொசு. சில வீடுகளில் இரண்டுக்கும் ஒரே பாட்டில்தான்.

வரவேற்பறை அலமாரியில் கண்ணாடிப் பாட்டில், அதில் நாலு இலையோடு ஒரு தண்டு. செலவில்லாத அலங்காரம், செல்வம் வரும் என்ற நம்பிக்கை வேறு. ஆனால் டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா மூன்றையும் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீர்தான் பிடிக்கும். மகாராஷ்டிராவின் முதல் ஜிகா நோயாளி 2021 ஜூலையில் கண்டறியப்பட்டது புனே மாவட்டத்தின் பேல்சர் கிராமத்தில். 2024 ஜூனில் அது எரண்ட்வணே பகுதி வழியாக மாநகருக்குள்ளேயே தலைகாட்டியது. இத்தனைக்கும் நாட்டின் முதன்மையான வைரஸ் ஆய்வுக்கூடமான தேசிய வைராலஜி நிலையம் 1952 முதல் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடம் வைரஸைக் கண்டுபிடிக்கும். அலமாரியில் இருக்கும் பாட்டிலைக் கழுவ வராது.

பலரும் செய்வது, தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவது. ஆபத்தே அதில்தான். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில். அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதங்கள் தாங்கும். தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் புழு வெளிவரும். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு வாரத்துக்குள் அது கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறை பாட்டிலைக் காலி செய்து, உட்புறத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து, வேரையும் அலசி, புதிய நீர் ஊற்ற வேண்டும். மராத்தியில் இதற்கு 'கோர்டா திவஸ்', அதாவது 'உலர் நாள்' என்றே பெயர். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதி.

இந்த வேலையே வேண்டாம் என்பவர்கள் செடியை மண்ணுக்கு மாற்றிவிடலாம். செடிக்கும் அதுதான் பிடிக்கும். தோட்ட மண், மட்கிய எரு, தென்னை நார்த்தூள் கலந்த கலவையும், அடியில் துளையுள்ள தொட்டியும் போதும்.

சென்னையிலிருந்து வந்தவர்களின் கைப்பழக்கம் இங்கே கொஞ்சம் இடிக்கும். கடற்காற்றின் ஈரம் புனேக்குக் கிடையாது. ஊர் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே பகல்களில் வறண்ட காற்று இலை ஓரத்தைக் கருக்கும். அப்போது மேற்கு ஜன்னலை விட்டுத் தள்ளி, தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றதற்கு உதவும். டிசம்பர், ஜனவரியிலோ இரவுக் குளிர் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். செடி ஏறக்குறைய உறங்கும். உறங்குகிற செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். இலைகள் மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் அது தாகமல்ல, அஜீரணம்.

அடுத்தது பிடிமானம். மிளகுக் கொடி கமுகைப் பற்றி ஏறுவது போல மணி பிளான்ட்டும் மரமேறும் கொடி. மான்ஸ்டெரா, பிலோடெண்ட்ரான், சிங்கோனியம் ஆகியவையும் அப்படித்தான். தொங்கவிட்டால் தண்டு நீண்டு இலை சிறுக்கும். தென்னை நார் சுற்றிய கம்பை நட்டு, அதை ஈரமாக வைத்திருந்தால் கணுவில் கிளம்பும் வேர் கம்பைப் பற்றிக்கொள்ளும். ஏற ஏற இலை அகலும். இலையில் மஞ்சள் தீற்றல் மங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பார்கள். தழைப்பது திருட்டால் அல்ல, கணுவால். ஒரு கணுவாவது இல்லாமல் இலையை மட்டும் கிள்ளி நட்டால் கொடி வராது. டஹிட்டிக்கு அருகிலுள்ள மூரியா தீவில் தோன்றிய இந்தச் செடி பூப்பது மிக அபூர்வம். வளர்ச்சி ஹார்மோனான ஜிபரெலினை உண்டாக்கும் மரபணு ஒன்று செயல்படாததே காரணம் என்று 2016-ல் ஒரு ஆய்வு கூறியது. விதை இல்லாமலே ஊர் ஊராகப் பரவியது, மனிதர்கள் ஒடித்துக் கொடுத்த தண்டுகளால்.

சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம் என்பதால் அதே நமைச்சல் இதற்கும் உண்டு. மென்றால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைகளுக்கும் பூனை, நாய்க்கும் எட்டாத இடமே நல்லது.

கத்தரித்த தண்டைச் சாலையோர மரத்தடியில் வீசுவது இன்னொரு வழக்கம். கண்டியின் உடவத்தகெலே காட்டில் இந்தக் கொடி தரையை மூடி, மரங்களில் ஏறி, உள்ளூர்ச் செடிகள் முளைக்கவே இடமில்லாமல் செய்திருக்கிறது. மிஞ்சிய தண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது பாட்டிலில் போட்டுக் கொடுக்காமல், ஒரு சிறு தொட்டி மண்ணில் நட்டுக் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் நல்லது.