இல்லாத பேண்டின் 15 ஆல்பங்கள்... கையில் வந்தது 81 டாலர்!

'ஷார்க் சாண்ட்விச்' என்று ஓர் ஆல்பம். அதாவது, சுறா சாண்ட்விச்! 'த சன் நெவர் ஸ்வெட்ஸ்' என்று இன்னொன்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தில் சூரியன் மறைவதே இல்லை என்பார்களே, அதைத் திருப்பிப் போட்டு 'சூரியனுக்கு வியர்ப்பதே இல்லை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாவது, 'இன்ட்ராவீனஸ் டி மைலோ'. நரம்பில் ஏற்றும் ஊசியையும் வீனஸ் சிலையையும் ஒட்டவைத்த பெயர்.

இவற்றை எந்தக் கடையிலும் யாரும் வாங்கியதில்லை. ஏனென்றால் ஆல்பமும் கிடையாது, அதைப் பாடிய பேண்டும் கிடையாது. 1984-ல் ராப் ரெய்னர் இயக்கிய 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்' படத்துக்காக உருவாக்கப்பட்ட கற்பனைக் குழு அது. 17 வருஷம், 15 ஆல்பம், இங்கிலாந்திலேயே அதிகம் சத்தம் போடும் ராக் குழுக்களில் ஒன்று என்று படத்தில் ஒரு பில்டப் வேறு.

கிறிஸ்டோபர் கெஸ்ட், மைக்கேல் மெக்கீன், ஹாரி ஷியரர் மூவரும்தான் குழுவின் முகங்கள். 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் பார்க்கிறவர்களுக்கு ஷியரரின் குரல் பழக்கமானது. மிஸ்டர் பர்ன்ஸுக்குப் பேசுகிறவர் அவர்தான். நிஜமான டாக்குமென்டரி போலவே எடுக்கப்பட்ட படம். வசனத்தில் பெரும்பகுதி கேமரா முன்னால் அப்போதைக்கப்போது பேசியது. விளைவு? 'யாருக்கும் தெரியாத ஒரு பேண்டைப் பற்றி எதற்குப் படம் எடுத்தீர்கள்?' என்று ரெய்னரிடமே சிலர் கேட்டார்கள்!

படத்தில் ஆல்பங்களுக்கு வந்த விமர்சனங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. உலகத்தைப் படைத்த கடவுள், இந்தக் குழுவைப் படைத்த அன்றைக்கும் சேர்த்து ஓய்வெடுத்திருக்கலாமே என்கிறது ஒரு விமர்சனம். 'ஷார்க் சாண்ட்விச்'சுக்கு வந்ததோ இரண்டே வார்த்தை. குடும்பத்தோடு படிக்கிற பக்கம் என்பதால் அது இங்கே வேண்டாம்.

அடுத்து வருவது 'ஸ்மெல் த க்ளவ்'. அட்டைப்படம் பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்று பெரிய கடைகள் விற்க மறுக்க, கம்பெனி முழுக் கறுப்பில் ஓர் அட்டையைப் போட்டு அனுப்பிவிடுகிறது. பேரும் இல்லை, படமும் இல்லை. இதில் வேடிக்கை, 1991-ல் நிஜமான மெட்டாலிகா குழு கிட்டத்தட்ட அதே மாதிரி கறுப்பு அட்டையில் ஆல்பம் வெளியிட்டது. 'எங்கள் ஐடியா ஆச்சே' என்கிற தோரணையில் ஸ்பைனல் டேப் ஆட்கள் அவர்களை மேடைக்குப் பின்னால் மடக்கிக் கேட்ட காட்சி வீடியோவாகவே இருக்கிறது.

ட்ரம்மர்கள் கதையும் உண்டு. ஒருவர் தோட்ட வேலையில் நடந்த விபத்தில் போனார். இன்னொருவர் மேடையிலேயே தானாகத் தீப்பற்றிப் போனார். இந்தக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தால் ஆயுள் கெட்டி இல்லை! ஆம்ப்ளிஃபையரில் எல்லோருக்கும் 10 வரைதான் எண் இருக்கும், இவர்களுக்கு 11. பி.பி.சி.யின் ஐப்ளேயரில் வால்யூம் 11 வரை போவது இந்த ஜோக்குக்குச் செய்த மரியாதைதான்.

ஆல்பங்கள்தான் கற்பனை. பாட்டு கற்பனை இல்லை. நடிகர்கள் மூவரும் ரெய்னரும் சேர்ந்து எழுதி, மூவரும் தாங்களே வாசித்துப் பாடிய பாட்டுகள் அவை. 1984-ல் படத்தின் இசைத்தட்டு வந்தது. 1992-ல் 'பிரேக் லைக் த விண்ட்' என்று நிஜமாகவே ஓர் ஆல்பம்; அதில் ஜெஃப் பெக், ஸ்லாஷ், ஷெர் எல்லாம் விருந்தாளிகள். 2009-ல் 'பேக் ஃப்ரம் த டெட்'. நடுவில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி, வெம்ப்ளியில் ஃப்ரெடி மெர்க்குரி நினைவு நிகழ்ச்சி. இல்லாத குழு, இருக்கிற குழுக்களின் மேடையிலேயே ஏறிவிட்டது.

சரி, காசு?

2016 அக்டோபரில் ஷியரர் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். படத்தின் உரிமையைக் கையில் வைத்திருந்த ஃபிரெஞ்சு நிறுவனம் விவெண்டியின் மேல் வழக்கு. அவர் மனுவில் சொன்ன கணக்கு இது: 1984 முதல் 2006 வரை டி-ஷர்ட், பொம்மை என்று உலகம் முழுக்க விற்ற பொருட்களில், படைத்த நான்கு பேருக்கும் சேர்த்து வந்த பங்கு 81 டாலர். 1989 முதல் 2006 வரை பாட்டு விற்பனையில் வந்தது 98 டாலர். லட்சம், ஆயிரம் எதுவும் விட்டுப்போகவில்லை, வெறும் 81, வெறும் 98! முதல் தொகையை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு டாலர்கூடத் தேறவில்லை. படத்தில் வரும் இசை கம்பெனிகூட இவ்வளவு மோசமில்லை.

2017 பிப்ரவரியில் மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். 125 மில்லியன் டாலரில் ஆரம்பித்த கோரிக்கை 400 மில்லியனுக்கு ஏறியது. வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொன்னது எதிர்த்தரப்பு. மோசடிக் குற்றச்சாட்டைத் தொடர்ந்து விசாரிக்கலாம் என்று 2018-ல் நீதிமன்றம் வழிவிட்டது. 2019-ல் பாடல்கள் விஷயத்தில் யுனிவர்சல் மியூசிக்கோடு சமரசம் ஆனது. உரிமை காலப்போக்கில் எழுதியவர்களுக்கே திரும்பும் என்று ஏற்பாடு. மீதியும் 2020-ல் பேசித் தீர்ந்தது.

அதற்குப் பிறகுதான் இரண்டாம் பாகத்துக்கு வழி பிறந்தது. 2025 செப்டம்பரில் 'ஸ்பைனல் டேப் 2' வந்தது. பால் மெக்கார்ட்னியும் எல்டன் ஜானும் வந்துபோகிறார்கள். கூடவே ஒரு புது ஆல்பமும். இதைக் கடையில் வாங்கலாம். படத்தில் கிழவர்களாகிவிட்ட மூவரும் மறுபடியும் கச்சேரிக்குக் கிளம்பி, முதல் வேலையாக ட்ரம்மர் தேடுகிறார்கள். கூப்பிட்ட பெரிய பெயர்கள் எல்லாம் 'நமக்கு வேண்டாம் சாமி' என்று நழுவுகின்றன.