வேலியில்லாக் கடல்

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, நிலத்தை எல்லையாகக் கொள்ளாத கடல் ஒன்று உண்டு. சார்காசோ எனப்படும் அக்கடலுக்குச் சுழன்றோடும் நீரோட்டங்களே கரைகள். அங்கே பழுப்புநிறப் பாசி திட்டுத் திட்டாக மிதக்கிறது. ஆமைக் குஞ்சுகளும் சிறு மீன்களும் அதனுள் ஒளிந்து வளர்கின்றன. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் விலாங்கு மீன்கள், இனப்பெருக்கத்திற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி அங்கே சென்றடைகின்றன. ஆற்றில் வாழும் விலாங்கைக் காக்கச் சட்டம் உண்டு. அது முட்டையிடும் கடலின் பெரும்பகுதியோ எந்நாட்டின் ஆளுகைக்கும் உட்பட்டதன்று.

1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் இறையாண்மையையும், 200 கடல் மைல் வரை வளங்களின்மீது அதன் உரிமையையும் ஏற்கிறது. அதற்கு அப்பாலுள்ளது பன்னாட்டுக் கடல். உலகப் பெருங்கடல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதுவே. அங்கு மீன்பிடிக்க எல்லா நாடுகளுக்கும் உரிமை உண்டு. ஆயினும் தொலைகடல் செல்லும் பெருங்கப்பல்களும் அவற்றுக்கான முதலும் உடைய சில நாடுகளே அவ்வுரிமையைப் பெரிதும் நுகர்கின்றன.

இக்கடலின் உயிர்களைக் காப்பது குறித்து ஆராய ஐ.நா. பொதுப்பேரவை 2004இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அரசுகளுக்கிடையிலான முறையான பேச்சுவார்த்தை 2018இல் நியூயார்க்கில் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் கூடிய அமர்வு முடிவின்றிக் கலைந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் கூடியபோது, குறித்த காலம் கடந்தும் பேராளர்கள் இரவு முழுவதும் பேசினர். கப்பல் கரை சேர்ந்துவிட்டதாக மாநாட்டுத் தலைவரான சிங்கப்பூரின் ரெனா லீ அறிவித்த நாள் 2023 மார்ச் 4.

இத்தனை ஆண்டுகள் ஏன்? மீனைவிட மரபணுவே பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட சேர்மங்களை முன்மாதிரியாகக் கொண்டு, இரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின் என்னும் மருந்து உருவானது. ஆழ்கடல் உயிரிகளிலும் அத்தகைய செல்வம் இருக்கக்கூடும். அதனை எடுப்பவருக்கே உரிமை என்பது ஆய்வுக் கப்பல்கள் உடைய செல்வ நாடுகளின் வாதம். கடலடித் தளம் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று மால்ட்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ 1967இல் ஐ.நா.வில் முன்வைத்த கருத்து இதற்கும் பொருந்தும் என்றன வளரும் நாடுகள். இறுதி உடன்படிக்கையில் இரு கொள்கைகளும் இடம்பெற்றன. பயனைப் பகிர வேண்டும் என்பதும் விதியாயிற்று. வளரும் நாடுகள் விடாப்பிடியாக நின்றிராவிட்டால் இவ்விதி பிறந்திராது.

எனினும் இவ்வுடன்படிக்கையின் உண்மையான வலிமை வேறோரிடத்தில் உள்ளது. அண்டார்டிக் கடலில் காப்பகம் அமைக்க, அங்குள்ள ஆணையத்தின் உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைய வேண்டும். ராஸ் கடல் காப்பகம் பல்லாண்டு இழுபறிக்குப் பின் 2016இல் ஏற்கப்பட்டது; கிழக்கு அண்டார்டிக் காப்பகத் திட்டமோ சில நாடுகளின் மறுப்பால் பல்லாண்டுகளாக முடங்கியது. ஒருவரின் மறுப்பு எல்லாரின் விருப்பத்தையும் தடுக்கும் அந்நிலை புதிய உடன்படிக்கையில் இல்லை. கருத்தொருமை வாராதபோது நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் காப்பகம் அமைக்கலாம். உடன்படாத நாடு 120 நாள்களுக்குள், தக்க காரணம் காட்டி விலகி நிற்கலாம் என்பது அதில் உள்ள ஓட்டை.

இதனினும் பெரிய ஓட்டையும் உண்டு. ஒரு செயல் கடலுக்குக் கேடு தருமா என்று மதிப்பிட்ட பின், அதனை அனுமதிக்கும் முடிவு அச்செயலை மேற்கொள்ளும் நாட்டிடமே விடப்பட்டுள்ளது. வழக்காடுபவரே தீர்ப்பும் எழுதுவது போன்றது இது. மீன்பிடிப்பு, கப்பற்போக்குவரத்து, கடலடிச் சுரங்கம் ஆகியவற்றுக்கென முன்பே உள்ள அமைப்புகளின் அதிகாரமும் குறைக்கப்படவில்லை.

இந்தியா 2024 செப்டம்பரில் இதில் கையொப்பமிட்டது. அறுபது நாடுகளின் ஏற்பு கிடைத்ததும், 2026 ஜனவரி 17இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இனிச் சார்காசோவுக்குக் காப்பு வேண்டும் என்று உறுப்பு நாடுகள் முன்மொழியலாம். வாக்கெடுப்பில் வெல்லவும் செய்யலாம். ஆனால் அங்கே வீசப்படும் வலைகளைக் குறைக்க, மீன்பிடி அமைப்புகளின் கதவையும் அவர்கள் தட்டியாக வேண்டும்.