மெல்ல மிதிப்போர் முன்னே செல்க



சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் ஐவர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். "தாத்தா, பொங்கல் கழிந்ததும் எங்களை இரண்டு நாள் மிதிவண்டியில் எங்கேனும் அழைத்துப் போவீர்களா?" என்று கேட்டனர். "எத்தகைய இடம் வேண்டும்?" என்றேன். "மேடு இல்லாத இடம், கடலும் இருக்க வேண்டும்" என்றாள் ஒரு சிறுமி. ஏற்றமும் இறக்கமுமான திருவனந்தபுரத்தில் வளரும் பிள்ளை வேறு எதைக் கேட்பாள்!

"அப்படியானால் நாஞ்சில் நாட்டுக்குப் போவோம்" என்றேன். "அது எங்கே இருக்கிறது, தாத்தா?" என்றான் இன்னொருவன். அவனுடைய பாட்டனார் பிறந்தது சுசீந்திரத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில். அவன் கேட்டது குற்றமன்று. ஆயினும் அக்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. அன்றிரவே இப்பயணத்திற்கு ஒரு திட்டம் வகுக்க அமர்ந்தேன். அதனையே இத்திங்கள் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் சாலைக் கடைத்தெருவில் பொழுது புலருமுன் வந்து நிற்கும் சரக்கு வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். தோவாளைப் பூவும், நாஞ்சில் நாட்டு வாழைக்குலையும், காய்கறியும் அவற்றிலிருந்து இறங்குகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராசா கேசவதாசர் இக்கடைத்தெருவை அமைத்த நாள் முதல், தெற்கிலிருந்து வரும் பண்டங்களாலேயே இது செழித்து வந்திருக்கிறது. அவரும் வில்லுக்குறியை அடுத்த ஊரில் பிறந்தவரே.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நம் முன்னோர் பலர் வீட்டை விட்டு ஓர் அடியும் எடுத்து வைக்காமலே வேற்று மாநிலத்தவராயினர். எல்லைக் கோடு போட்டது அரசு; அதில் தவறில்லை. ஆனால் அந்நிலத்தின் நெல்லையும் பழத்தையும் உண்டு வளரும் நம் பிள்ளைகள் அதனைக் கண்ணாலும் காணாது போனால், அந்தக் குறைக்கு நாமே பொறுப்பாவோம்.

திட்டத்தைச் சொல்லுமுன் என்னுடைய பழைய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அது 1974ஆம் ஆண்டு. கன்னியாகுமரிக்கு இரயில் பாதை திறக்க இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. எனக்கு வயது இருபத்தொன்று. சாலையிலிருந்து கன்னியாகுமரி வரை, தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவை ஒரே நாளில் மிதித்துவிடுவது என்று நண்பர் நால்வருடன் முடிவு செய்தேன். என் சிற்றப்பாவின் மகன், பதின்மூன்று வயதுச் சிறுவன், தானும் வருவேன் என்று அடம்பிடித்தான். சரியென்று சேர்த்துக்கொண்டேன். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம்.

வரைபடத்தில் அவ்வழி நேராகத் தோன்றும். ஆனால் பாலராமபுரம் கடந்தது முதல் தக்கலை வரை செம்மண் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழ்கின்றன. வலுவுள்ள நாங்கள் ஐவரும் ஒருவரை ஒருவர் முந்துவதில் முனைந்துவிட்டோம். தக்கலையில் தேநீர்க் கடையின் முன் இறங்கி எண்ணிப் பார்த்தபோதுதான் சிறுவனைக் காணவில்லை என்று உணர்ந்தோம். நெஞ்சு பதறத் திரும்பி ஓடினேன். குழித்துறைப் பாலத்தின் அருகே மர நிழலில் அமர்ந்திருந்தான். செயின் கழன்று பின்சக்கரத்தில் சிக்கியிருந்தது. அதனை விடுவிக்க முயன்று இரு கைகளும் கறுத்துப்போயிருந்தன. ஒரு ஸ்பேனர்கூட அவனிடம் இல்லை, எங்களிடமும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அங்கேயே இருந்திருக்கிறான். அவன் அழவில்லை. "அண்ணா, நான் வந்தது உங்களுக்கெல்லாம் தொந்தரவாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டான்.

அன்று நாங்கள் கன்னியாகுமரியை அடையவில்லை. அதன்பின் அவன் மிதிவண்டி மிதித்து நான் கண்டதில்லை.

ஆதலின் இப்பயணத்தின் முதல் விதி இது: குழுவில் யார் மிகவும் மெல்ல மிதிப்பவரோ, அவரே முன்னே செல்ல வேண்டும். அவருடைய வேகமே எல்லோருடைய வேகம். வலுவுள்ளவர் இருவர் கருவிப்பையுடன் கடைசியில் வரவேண்டும். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே உண்பது, எங்கே உறங்குவது என்பன எல்லாம் இவ்விதியைத் தொடர்ந்து தாமே அமையும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை சமதரையில் மணிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு கிலோமீட்டர் மிதிப்பது எளிது. நீர் அருந்துதல், நிழலில் நிற்றல், பறவை பார்த்தல் ஆகியவற்றைக் கூட்டினால் மணிக்கு எட்டு என்று கணக்கிடுவதே நேர்மை. நாளுக்கு மூன்று முதல் நான்கரை மணி நேரம் மிதித்தால் ஏறக்குறைய இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர். இதற்கு மேல் ஆசைப்படுதல் வேண்டா.

அடுத்தது வழி. மேடு மிகுந்த பகுதியை மிதித்துக் கடக்கப் போவதில்லை. சனிக்கிழமை விடியற்காலை இரயிலில் நாகர்கோயில் செல்வோம். மிதிவண்டிகளை இரயிலிலும் பதிவு செய்து அனுப்பலாம். எனினும் எல்லா வண்டிகளிலும் சரக்குப் பெட்டி இராது. சிறு நிறுத்தங்களில் ஏற்றி இறக்க நேரமும் போதாது. சாலையில் சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாய்த் தெற்கே திரும்பும் வண்டி ஒன்றில் வெள்ளிக்கிழமையே அவற்றை அனுப்பிவிடுவது சாலச் சிறந்தது. நம்முள் வணிகம் செய்யும் அன்பர்கள் இவ்வுதவியை மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். வண்டிக்கும் வண்டிக்கும் இடையில் பழஞ்சாக்கு வைத்துக் கட்ட வேண்டும். இல்லையேல் ஒன்றன் பெடல் மற்றொன்றன் கம்பிகளை வளைத்துவிடும். சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

முதல் நாள்: நாகர்கோயிலில் புட்டும் பயறும் உண்டு, ஒன்பது மணியளவில் புறப்பட்டுத் தேரூர் செல்வோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் அது. அவர் நம் திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியிலும் பணியாற்றியவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் குளிர்காலத்தில் தொலைவிலிருந்து வரும் நீர்ப்பறவைகளுக்குப் புகலிடம். இவ்விரண்டும் சேர்ந்த நீர்நிலை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தொலைநோக்கி வைத்திருப்போர் எடுத்து வரலாம்.

அங்கிருந்து சுசீந்திரம். தாணுமாலயன் கோயில் நண்பகலில் நடை சாத்தப்படுமாதலால் அதற்கு முன் சென்றுவிட வேண்டும். ஓங்கி நிற்கும் அனுமன் திருவுருவையும், தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்களையும் காணலாம். பிறகு உணவு, பிற்பகல் மூன்று வரை நிழலில் ஓய்வு. வெயில் தாழ்ந்தபின் கொட்டாரம் வழியாக ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர் மிதித்தால் கன்னியாகுமரி. பெருஞ்சாலையில் பேருந்தும் லாரியும் விரைவாதலால், ஊர்க்காரர்களைக் கேட்டு வயலோரச் சிறு சாலைகளிலேயே இயன்றவரை செல்வோம்.

இவ்வழியெங்கும் வயல்களைக் காணும்போது பிள்ளைகள் "இத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பார்கள். மலையடியில் உள்ள பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. மிஞ்சின் என்ற பொறியாளர் அப்பணியை நடத்தினார். அங்கிருந்து கால்வாய்கள் குளங்களை நிரப்ப, குளங்கள் வயல்களை நிரப்புகின்றன. ஆண்டுக்கு இரு போகம்: ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, ஐப்பசியில் நட்டு மாசியில் அறுப்பது கும்பப்பூ. நாம் தையில் செல்வதால் கும்பப்பூ பச்சை மாறிப் பொன்னிறம் கொள்ளும் தறுவாயில் இருக்கும். என் இளமையில் கண்ட வயல்களில் பல இன்று தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. எஞ்சியுள்ளவற்றையாவது பிள்ளைகள் காணட்டும்.

தை மாதத்தைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சமதரையில் மேடு இல்லை. ஆனால் காற்று உண்டு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் பெருங்காற்றுத்தான் முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அக்காற்றை எதிர்த்து மிதிப்பது மலையேறுவதை ஒக்கும். மலைக்காவது முடிவில் ஓர் இறக்கம் உண்டு, எதிர்காற்றுக்கு அதுவும் இல்லை. தையில் மழையும் ஓய்ந்திருக்கும், காற்றும் தணிந்திருக்கும்.

இரண்டாம் நாள்: கதிரவன் எழுவதைக் கண்டு, விவேகானந்தர் பாறையையும் 2000ஆம் ஆண்டு முதல் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையையும் கரையிலிருந்தே வணங்கி, ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். படகுக்கு வரிசையில் நின்றால் வெயில் ஏறிவிடும். மேற்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டரில் மணக்குடி. பழையாறு கடலில் கலக்கும் இடம் அது. முதல் நாள் நாம் கண்ட குளங்களையும் வயல்களையும் சார்ந்து ஓடிவரும் நீர் இங்கே உப்பாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்து எறிந்தது. பல உயிர்களையும் கொண்டது. பின்னர்ப் புதிய பாலம் கட்டப்பட்டது. அதன்மேல் சற்று நின்று, மறைந்தோரை நினைத்துவிட்டுச் செல்வோம்.

மணக்குடியிலிருந்து இராசாக்கமங்கலம், அங்கிருந்து வடக்கே திரும்பி நாகர்கோயில். ஆக ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். நண்பகலுக்குள் முடிந்துவிடும். "முட்டம் வரை போனால் என்ன?" என்று வலுவுள்ள இளைஞர் கேட்கக்கூடும். முட்டம் அழகிய ஊர்தான். பாறையும் கலங்கரை விளக்கமும் பிறிதொரு முறை காத்திருக்கும். இம்முறை அனைவரும் ஒன்றாகச் சென்று ஒன்றாகத் திரும்புவதே நோக்கம்.

கருவிப்பையில் இருக்க வேண்டியவை: கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் ரப்பரும் சொல்யூஷனும், வேறு வேறு அளவில் இரண்டு டியூப், ஸ்பேனர், செயினுக்கு எண்ணெய், பழந்துணி. ஒவ்வொருவரும் தலைக்கவசம், ஒரு லிட்டர் நீர், மாற்றுடை ஒன்று எடுத்து வரவேண்டும். தின்பண்டம் மூட்டை கட்ட வேண்டா. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் வழியெங்கும் கிடைக்கும். அதைவிட நல்ல தின்பண்டம் மிதிவண்டிப் பயணத்திற்கு இல்லை.

இருக்கையின் உயரத்தைப் பெற்றோரே சரிபார்க்கலாம். பிள்ளை இருக்கையில் அமர்ந்து, தாழ்ந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். பலர் இருக்கையை மிகத் தாழ்த்தி வைத்து முழங்கால் வலியை வருவித்துக்கொள்கிறார்கள். பயணத்திற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை சாலையிலிருந்து சங்குமுகம் கடற்கரை வரை சென்று திரும்பிப் பழகுவோம். அங்கே யார் மெல்ல மிதிப்பவர் என்பது தெரிந்துவிடும். செயின் கழன்றால் மாட்டவும் ஒவ்வொரு பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்று தாய்மார் சிலர் தயங்குகின்றனர். தாய்மார் இருவர் உடன் வர இசைந்துள்ளனர். இரவுத் தங்கலும் குடும்பங்களுக்கு உரிய இடத்திலேயே. தயக்கம் இன்னும் இருப்பின், தாங்களும் ஒரு மிதிவண்டியுடன் வருமாறு அவர்களை அழைக்கிறேன்.

மேடு இல்லாத இடம் வேண்டும் என்று கேட்ட சிறுமியைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? அவள் என் சிற்றப்பா மகனின் பேத்தி. அவனிடம் இசைவு கேட்கச் சென்றேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அண்ணா, அவள் முன்னால் போவாளா, பின்னால் வருவாளா?" என்று கேட்டான்.

"முன்னால்" என்றேன்.

"அப்படியானால் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றான்.

வர விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். முதல் பழக்கம் வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு. எஞ்சியவற்றை அடுத்த திங்கள் பேசுவோம்.